வரப்பு பிடித்து வைத்த தண்ணீர்

2015 டிசம்பர் வெள்ளம் என்று பேச்செடுத்தாலே சென்னைக்காரர்கள் நேராகச் செம்பரம்பாக்கத்துக்குப் போய்விடுவார்கள். ஏரியை யார் திறந்தார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள், மேலே யாருடைய உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள், முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டிருக்கக் கூடாதா. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். டிசம்பர் 1-ஆம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி வெளியேற்றப்பட்டது. லாரிக் கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஒவ்வொரு விநாடியும் 68 வீதம் அடையாற்றில் கவிழ்ந்த மாதிரி. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது.

சரி. ஆனால் முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் இந்தக் கதை பொருந்தாது. தாம்பரத்துக்கு மேற்கே இருக்கும் அந்த ஊர்களில் 2015 நவம்பர் நடுவிலேயே படகு ஓடியது. செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் வருவதே இல்லை. அப்படியானால் அங்கே வீடுகளை மூழ்கடித்தது எந்தத் தண்ணீர்?

அடையாற்றுக்கு இரண்டு கைகள். ஒன்று செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் வரும் கால்வாய். இன்னொன்று ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் ஏரிகளில் நிரம்பி வழிவதைச் சேர்த்துக்கொண்டு முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வருவது. இரண்டும் திருநீர்மலை அருகே சேர்கின்றன. அங்கிருந்து அனகாபுத்தூர், விமான நிலையம், மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று நகரத்துக்குள் வளைந்து வளைந்து போய் வங்கக் கடலில் விழுகிறது ஆறு. மொத்த நீளம் 42 கிலோமீட்டர் சொச்சம். காவிரியோடும் பாலாற்றோடும் ஒப்பிட்டால் இதை ஆறு என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மலையில் பிறக்கிற ஆறும் இல்லை இது. ஏரிகளின் வழிச்சல்தான் ஆறாகியிருக்கிறது. அதனால் அந்த ஏரிகளைச் சுற்றியிருக்கும் நிலத்துக்கு என்ன ஆனதோ, அதுதான் ஆற்றுக்கும் ஆகும்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். நிலம் கிட்டத்தட்ட தட்டை, சரிவு மிகக் குறைவு. அந்தக் கொஞ்ச சரிவுக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டிக் கரை போட்டு, பெய்கிற மழையை நிறுத்தி, அதை வைத்துப் பயிர் செய்த ஊர்கள் இவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரி நீர் வழிவதற்கான கட்டு) வழியாக வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. ஒரு ஏரியின் போக்குக் கால்வாய்தான் இன்னொன்றின் வரத்துக் கால்வாய். இந்தச் சங்கிலியைப் பற்றி இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள், நல்லது. ஆனால் ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் இருந்த வயலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அந்த வயலைப் பற்றியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் நஞ்சை, சுற்றிலும் அரையடி உயர வரப்பு. அந்த அரையடி முழுவதும் தண்ணீர் நின்றால் சுமார் 6 லட்சம் லிட்டர், அதாவது 50 லாரி. மழைக்காலத்தில் இந்தப் பக்கம் சம்பாப் பயிர் நிற்கும். வயலில் ஏற்கனவே கொஞ்சம் தண்ணீர் இருக்கும். அதனால் பாதி இடம்தான் காலி என்று கையை இறுக்கிப் பிடித்தே கணக்கு வைப்போம். அப்படியும் ஏக்கருக்கு 3 லட்சம் லிட்டர். ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஓர் ஏரிக்குக் கீழே 30 கோடி லிட்டர் தண்ணீர், எந்த அணையும் மதகும் பொறியாளரும் இல்லாமல், வெறும் வரப்பில் நின்றிருக்கும். மழை விட்ட பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக மடை வழியே கசிந்து இறங்கும். விவசாயி பயிர் அழுகிவிடக் கூடாது என்று வடிப்பானே தவிர, ஒரே மணி நேரத்தில் வடித்துவிட மாட்டான்; அவனால் முடியவும் முடியாது.

அதே ஒரு ஏக்கரை மனை போட்டால் 18 கிரவுண்டு. சாலைக்கு விட்டது போக மீதியில் வீடுகள். வரப்பை வெட்டி, மண்ணைக் கொட்டி, சாலை மட்டத்துக்கு மேலே உயர்த்தித்தான் விற்பார்கள். வீடு கட்டுகிறவர் தன் பங்குக்கு இன்னும் மூன்றடி கடைக்கால் ஏற்றுவார். காம்பவுண்டுக்குள் சிமென்ட் தளம் அல்லது டைல்ஸ், வாசலில் காருக்கு ஒரு சரிவு. மொட்டை மாடியில் விழுகிற மழை குழாய் வழியாகத் தெருவுக்கு வர ஐந்து நிமிடம்கூட ஆகாது. 2003-லிருந்து எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தத் தொட்டிகள் நிலத்தடி நீருக்கு உதவின, மறுக்கவில்லை. ஆனால் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது 4 லட்சம் லிட்டர். நாலடி ஆழ உறைகிணறு அதை என்ன செய்துவிட முடியும்?

இப்படி ஒவ்வொரு ஏக்கராக நடந்த மாற்றம்தான் அடையாற்றுப் படுகை முழுவதும் நடந்தது. ஒரே இரவில் நடக்கவில்லை. இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. தியாகராய நகர் 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவான பேட்டை. அந்தப் பகுதித் தண்ணீரை அடையாற்றுக்குக் கொண்டுபோவது மாம்பலம் கால்வாய்தான். மழைக்கு மழை தி.நகரில் தண்ணீர் நின்றால், தொலைக்காட்சிக்காரர்கள் ஆச்சரியப்படுவது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அது ஓர் ஏரி, ஒரு பேட்டை. தொண்ணூறுகளுக்குப் பிறகு நடந்தது வேறு அளவு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி அரசின் சிப்காட் தொழிற்பூங்காக்கள் வந்தன, மணப்பாக்கத்தில் ஐ.டி. வளாகங்கள் எழுந்தன. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். நகருக்குள் விலை கட்டாது. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும், முடிச்சூர் சாலையிலும், படப்பை, மணிமங்கலம் வழியிலும் வயல்கள் நகர்களாயின. பெயருக்குப் பின்னால் நகர் என்று இருக்கும், வீட்டுக்கு முன்னால் ஒரு கொக்கு நிற்கும்.

இதில் ஆக்கிரமிப்பு எங்கே? அதுதான் சிக்கல். வெள்ளம் வந்தால் நாம் முதலில் தேடுவது ஆக்கிரமிப்பாளரை. அவர் இருக்கிறார், இல்லாமல் இல்லை. கலங்கலை மறித்தவர், வரத்துக் கால்வாயைக் கொல்லைப்புறத்தோடு சேர்த்துக்கொண்டவர், ஏரி உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் இடத்தில், குடிசை போட்டவர், கல்லூரி கட்டியவர் எல்லாரும் உண்டு. ஆனால் படுகையில் தண்ணீரின் நடையை மாற்றிய நிலத்தில் பெரும்பங்கு பட்டா நிலம். பத்திரம் போட்டு, முத்திரைத்தாள் கட்டணம் கட்டி, வில்லங்கம் பார்த்து, வங்கிக் கடன் வாங்கி வாங்கிய மனைகள். வாங்கியவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. விற்றவரும் மீறவில்லை, மூன்று போகம் வேண்டாம், ஒரு போகத்துக்கே ஆள் கிடைக்காமல் தவித்த விவசாயி அவர்.

2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் காப்பாற்றுவது வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஏரி என்று இருக்கும் இடத்தை. அளந்து, கல் நட்டு, உள்ளே இருப்பவரை வெளியேற்றலாம். ஏரிக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக வெள்ளத்தை வாங்கி நின்ற நஞ்சைக்கு அந்தச் சட்டத்தில் வேலையே இல்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை அது பயிர் செய்யும் இடம், பயிர் நின்றுவிட்டால் வேறு எதற்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய இடம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ரியல் எஸ்டேட் தொழில் கதிகலங்கிப் போனது. அடுத்த ஆண்டே, 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. நீர்நிலையில், கால்வாயில் இருந்தால் கிடையாது என்று விதி வைத்தார்கள். பழைய வயலில் இருந்தால் உண்டு. வாங்கியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்களை அந்தரத்தில் விட முடியாது. ஆனால் ஒவ்வொரு வரன்முறைக் கடிதமும், இந்த வயல் இனி தண்ணீர் பிடிக்காது என்று ஆற்றுக்கு அனுப்பிய அறிவிப்பும்தான்.

வயல் போனால் ஏரிக்கும் ஆள் போய்விடும். ஆயக்கட்டு இருந்தவரை மதகைத் திறக்க, மூட, கரையில் நண்டு வளை அடைக்க, மழை இரவில் லாந்தரோடு போய்க் கலங்கலைப் பார்க்க ஊரில் ஒரு நீர்க்கட்டி இருந்தார். அவருக்குக் களத்தில் நெல் அளந்தார்கள். பாசனம் நின்றதும் அவர் வேலை நின்றது. மதகுக்குக் கீழே வீடுகள் வந்தபின் மதகைத் திறந்தால் தெருவில் தண்ணீர், அதனால் அதை நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள். ஏரிக்கு மேல்கரையில் வீடு வாங்கியவருக்கு ஏரி நிரம்பினால் வீட்டுக்குள் தண்ணீர், அதனால் கலங்கலைத் தாழ்த்தச் சொல்வார். கலங்கல் ஒரு அடி தாழ்ந்தால் ஏரியின் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அந்தத் தண்ணீரை நம்பி இப்போது யாரும் பிழைக்கவில்லை.

இதன் மொத்த விளைவு தண்ணீரின் அளவில் தெரிவதைவிட நேரத்தில் அதிகம் தெரிகிறது. கல்யாண வீட்டுக்கு ஆயிரம் பேர் வந்தாலும் ஐந்து பந்தியாக உட்கார்ந்தால் சமையற்காரர் சமாளித்துவிடுவார். ஆயிரம் பேரும் முதல் பந்தியிலேயே உட்கார வேண்டும் என்றால் இலை கிழியும். முன்பு வயலும் ஏரியும் மழையைப் பந்தி பந்தியாக அனுப்பின. மேட்டு நிலத் தண்ணீர் முதல் நாள், பக்கத்து ஏரியின் வழிச்சல் அன்று இரவு, மணிமங்கலத்துத் தண்ணீர் அதற்கும் பிறகு. இப்போது எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஆற்றுக்கு வருகிறது. ஆற்றின் அகலமும் பாலங்களின் கண்களும் பழைய பந்திக் கணக்குக்குப் போட்டவை.

இதற்கு நடுவே குறுக்குச் சுவர்கள் வேறு. நாம் சாலை என்று பார்ப்பதைத் தண்ணீர் கரை என்று பார்க்கும். ஜி.எஸ்.டி. சாலை, அதை ஒட்டி ரயில் பாதை, அப்புறம் தாம்பரம் – மதுரவாயல் புறவழிச்சாலை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் வெளிவட்டச் சாலை எல்லாமே மண்மேடுகள். ஆங்காங்கே சிறுபாலம் வைத்திருக்கிறார்கள். சிறுபாலத்தின் வாயில் பிளாஸ்டிக்கும் கட்டட இடிபாடும் அடைத்திருந்தால் அது வெறும் அலங்காரம். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி நீட்டப்பட்டிருக்கிறது. 2015-ல் அந்த விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. தெருவுக்குள் வந்தால் இதே கதை சின்ன அளவில். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுச் சாலை உயர, வீடு பள்ளமாகும். பள்ளமான வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது சென்னைப் புறநகரில் இப்போது ஒரு தனித் தொழில். தூக்கிய வீட்டின் தண்ணீர் தூக்காத வீட்டுக்குப் போகும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழைக்கு வயல் இருந்திருந்தாலும் வெள்ளம் வந்திருக்கும். தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். அதற்கு முந்தைய நவம்பர் முழுவதும் சேர்த்துச் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்திருந்தது, 1918-க்குப் பிறகு அப்படி ஒரு நவம்பர் இல்லை. ஏரிகள் தளும்பிக்கொண்டிருந்தன, மண் ஊறிப் போயிருந்தது. கணக்குக்கு 500 சதுர கிலோமீட்டரில் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட 5.3 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வருகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். அந்த மாதிரி ஒரு நாளில் வரப்பு எவ்வளவு உதவியிருக்கும்? கொஞ்சம். வெள்ளத்தின் உச்சத்தைச் சில மணி நேரம் தள்ளிப்போட்டிருக்கும், உயரத்தைச் சற்றுக் குறைத்திருக்கும். கட்டிலில் ஏறி நின்று தப்பிப்பதற்கும் மொட்டை மாடிக்கு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் அந்தச் சற்றுதான்.

நில மாற்றத்தின் முழு முகம் தெரிவது அதைவிடச் சிறிய மழைகளில். 2020-ல் நிவர் புயல், 2021 நவம்பர் மழை என்று 2015-ன் அளவுக்கு வராத மழைகளிலும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடி மூழ்கின. ஐப்பசி பிறந்தாலே தரைத்தளத்து ஃபிரிட்ஜை மாடிக்கு ஏற்றி வைக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. 49 சென்டிமீட்டருக்கு இயற்கையைக் குற்றம் சொல்லலாம். 15 சென்டிமீட்டருக்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் நிலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

2015-க்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை. ஆற்றை மேல்பகுதியில் அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள். தாம்பரம் பக்கத்து ஏரிகளின் வழிச்சலை ஆற்றுக்குக் கொண்டுபோகச் சாலைக்கடியில் மூடிய கால்வாய்கள் போட்டார்கள். ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து ஒரு நீர்த்தேக்கம் கட்டும் வேலையை எடுத்தார்கள். 2021 மழைக்குப் பின் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். இவற்றில் நீர்த்தேக்கம் ஒன்றுதான் தண்ணீரை நிறுத்தும் வேலை. மற்றவை பெரும்பாலும் தண்ணீரை வேகமாக அனுப்பும் வேலை. முடிச்சூர்க்காரருக்கு அது நிம்மதி, அவர் கேட்டதில் தவறே இல்லை. ஆனால் முடிச்சூரிலிருந்து இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்பும் தண்ணீர் அனகாபுத்தூருக்கும் மணப்பாக்கத்துக்கும் இரண்டு மணி நேரம் முன்னால் வரும். செம்பரம்பாக்கத்திலிருந்து வருவதோடு திருநீர்மலையில் கைகோத்துக்கொண்டு வந்தால் இன்னும் மோசம். கடைசியில் பட்டினப்பாக்கம் அருகே முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்துக் கிடக்கும். மழைக்கு முன் பொக்லைன் வைத்து அதை வெட்டிவிட்டாலும், கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் ஆறு உள்ளே போக மறுத்துப் பின்வாங்கும்.

செம்பரம்பாக்கத்தின் சங்கடமும் நில மாற்றத்தோடு சேர்ந்ததுதான். வயலுக்குக் கட்டிய ஏரி இப்போது நகரத்தின் குடிநீர்த் தொட்டி. 2019 கோடையில் அது வறண்டு வெடித்துக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அதைப் பார்த்த எந்த அதிகாரிக்கும் நவம்பரில் ஏரியைக் காலியாக வைக்க மனம் வராது. காலியாக வைக்காவிட்டால் டிசம்பரில் அவசரமாகத் திறக்க வேண்டிவரும். கீழே வெள்ளத்தை வாங்கிக்கொள்ள வயல் இருந்த காலத்தில் இந்தத் தவறுக்குக் கொஞ்சம் மன்னிப்பு இருந்தது.

வெள்ளத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் கசக்கும். அடையாற்றுக் கரையில், சைதாப்பேட்டை போன்ற இடங்களில் குடிசை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆக்கிரமிப்பு என்று அகற்றி, தெற்கே பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான இடம், மழைக்கு அங்கேயும் தண்ணீர் நிற்கும். ஆற்றங்கரைக் குடிசை ஆற்றின் அகலத்தைக் குறைத்தது உண்மை. மேலே படுகையில் வயல்களை மூடியது ஆற்றுக்கு வரும் தண்ணீரைக் கூட்டியதும் உண்மைதான். முதல் குற்றத்துக்குத் தண்டனை ஊரைவிட்டு அனுப்புவது. இரண்டாவதற்கு வரன்முறைக் கட்டணம்.

இதே கதை இப்போது மேற்கே நகர்கிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்ததை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். அதே ஆண்டு பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று அறிவிப்பு வந்தது. அந்த நிலத்தில் ஏரி, குளம், கால்வாய் என்று நீர்நிலைகளே ஏறத்தாழ கால்பங்கு. பாலாற்றுத் தண்ணீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரிப் பக்கம் கொண்டுவரும் கம்பன் கால்வாயும் அந்த வழியாகத்தான் போகிறது. அந்தத் திட்டத்துக்குள் வரும் ஏகனாபுரத்து மக்கள் இதை எதிர்த்துப் போராடுவதை வெறும் நஷ்டஈட்டுச் சண்டையாகப் பார்ப்பவர்கள் ஒரு மழைக்காலத்தில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். 2023-ல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்குள் வரும் நீர்நிலைகளையும் திட்டத்தோடு சேர்த்துக்கொள்ள வழி செய்கிறது. இதுவரை ஏரியாவது சட்டப்படி தப்பித்திருந்தது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், கட்டிய வீட்டை இடிக்கச் சொல்ல நான் தயாரில்லை. இன்னும் கட்டாமல் கிடக்கும் பள்ள வயல்கள் மணிமங்கலம், சோமங்கலம், படப்பைப் பக்கம் மிச்சம் இருக்கின்றன. பயிர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் வரப்பை அப்படியே வைத்திருக்கும் உடைமையாளருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கலாம். ஒரு நீர்த்தேக்கம் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இருக்காது என்பது என் கணிப்பு. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போது, அந்த வயல் முன்பு பிடித்துவைத்த அளவு தண்ணீரை அந்த மனைப்பிரிவுக்குள்ளேயே நிறுத்த இடம் விடச் சொல்லலாம். பூங்காவுக்கு இடம் விடச் சொல்ல முடிகிறதே, இதற்கு ஏன் முடியாது? பூங்காவைச் சாலையைவிட இரண்டடி பள்ளமாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது. இப்போது பூங்காவுக்கும் மண் கொட்டி மேடாக்கித்தான் திறப்பு விழா நடத்துகிறோம்.

அந்தப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு நின்றுவிட வேண்டாம். தாய்ப்பத்திரத்தைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் சொத்து விவரத்தில் இருக்கும் நான்கெல்லையைப் படித்துப் பாருங்கள். ‘நஞ்சை’ என்று இருக்கும். ‘கிழக்கே ஏரி வாய்க்கால்’ என்று இருக்கலாம். பிறகு உங்களுக்கு எழுதப்போகும் புதுப் பத்திரத்தின் வரைவை எடுத்து அதே எல்லையைப் பாருங்கள். கிழக்கே 20 அடி ரோடு என்று இருந்தால், அந்த ரோட்டில் மழைக்காலத்தில் எது ஓடும் என்று விற்பவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வயதானவரிடம் கேளுங்கள். கலங்கல் எங்கே இருந்தது என்று கை நீட்டிக் காட்டுவார்.